மூன்றாம் வளைவிலிருந்து எட்டாம் வளைவு வரை

உப்புக்கரட்டில் எந்தக் காரியத்துக்குத் தேதி கேட்டாலும் யாரும் காலண்டரைப் பார்க்க மாட்டார்கள். மலைமேட்டுக்கு ரோடு அகலப்படுத்தின வருஷம், யானை இறங்கி வாழையைத் தின்ற வருஷம், வீரசின்னுவின் ஜீப் தட்ட ஆரம்பித்த வருஷம் என்றுதான் சொல்வார்கள், அதில் கடைசியாகச் சொன்ன வருஷத்தின் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டு, ஏலக்காய்க் காட்டுக்குப் போன பொம்பளைகள் கண்ணாற உறங்கின வருஷம் அதுதான் என்று சேர்த்துக்கொள்வார்கள்.

வீரசின்னுவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கட்டிக்கொடுத்த ஊரில் வாழ முடியாமல் திரும்பி வந்து, மலைமேல் எஸ்டேட் பங்களாவில் ஆறு வருஷம் சமையலுக்கு இருந்தவள். எஸ்டேட்டுக்கு டீசல் வண்டிகள் வந்தபோது பழைய பெட்ரோல் ஜீப்பை ஏலம் விட்டார்கள். எண்ணெய் குடிக்கிற வண்டி என்று ஆண்கள் யாரும் கைவைக்கவில்லை. பங்களாவுக்குப் பின்னாலிருந்த பந்து விளையாடும் மைதானத்தில் மத்தியான நேரங்களில் அதே ஜீப்பைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியிருந்த வீரசின்னு, கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கி, ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் தானே இறக்கிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஊரில் ஏற்கெனவே ஏழெட்டு இருந்தன. டீக்கடையில் அவற்றின் டிரைவர்கள் சிரித்தார்கள். சின்னு வண்டியில் ஏறுவதற்குத்தான் கூலி, இறங்குவதற்குச் செலவே இல்லை, பள்ளத்தில் அதுவாகவே இறக்கிவிட்டுவிடும் என்று ஒருவன் சொன்னது ஊர் முழுக்கச் சுற்றியது. மூன்று நாள் காலியாக மேலே போய்க் காலியாகக் கீழே வந்தாள். நான்காம் நாள் காலை, அவளோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பவுன்தாய், தன் தூக்குவாளியை முன்சீட்டில் டொக்கென்று வைத்துவிட்டு, "நான் ஏறுறேன் புள்ள. செத்தா சேர்ந்து சாவோம், பேச ஆளாவது இருக்கும்ல" என்று ஏறிக்கொண்டாள். பவுன்தாய் ஏறியதைப் பார்த்து இன்னொருத்தி ஏறினாள். ஒரு மாதத்தில் பதினோரு பெண்கள் வீரசின்னுவின் வண்டிக்கென்று ஆகிவிட்டார்கள்.

இப்படி நான்கு வருஷம் போனது. ஐந்தாம் வருஷம், கோயிலில் சித்திரைக் கொடை முடிந்த மறுவாரம் வியாழக்கிழமை, மூன்றாம் வளைவு தாண்டி ஏற்றம் செங்குத்தாகிற இடத்தில், கியரைக் குறைத்து மிதித்தபோது, இன்ஜினுக்குள்ளிருந்து பித்தளைச் சொம்பில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம், கிணிங் கிணிங் கிணிங் என்று, வீரசின்னுவுக்குக் கேட்டது. காலைத் தளர்த்தினால் நின்றது, மிதித்தால் வந்தது. எட்டாம் வளைவில் ஏற்றம் முடிந்து ரோடு சமதரையானதும் போய்விட்டது. அந்தக் கால் மணி நேரமும் அவளுக்குப் பல் கூசியது. பின்னால் திரும்பி, கேட்டீங்களாடி என்று கேட்க நினைத்தாள், யாரும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. பதினோரு பேரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜீப்பில் உறங்குவது புதிதில்லை. மூன்று மணிக்கு எழுந்து, சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, மாமியாருக்கு வெந்நீர் போட்டு, ஐந்தரைக்கு வண்டி ஏறுகிறவர்கள் கம்பியில் தலை இடித்தபடி கண்ணயர்வது எப்போதும் உண்டு. ஆனால் அன்றைக்கு மேட்டில் இறங்கியவர்கள் முழு ராத்திரி உறங்கி எழுந்தவர்களாக இருந்தார்கள். கன்னத்தில் சீட்டின் தையல் தடம் பதிந்திருந்தது. ஒருத்திக்கு அடுத்தடுத்து மூன்று கனவு வந்திருந்தது. அவசரத்தில் சுடுசோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தவளின் வாளியைத் திறந்தால், எட்டு மணி நேரம் ஊறிப் புளித்த நல்ல பழைய சோறு. அன்று வேறு வண்டி கிடைக்காமல் பின்னால் நெருக்கி உட்கார்ந்து வந்த எஸ்டேட் கங்காணி, கீழே மழுங்கச் சிரைத்துவிட்டு ஏறியவர், மேலே தாடையைத் தடவிப் பார்த்து, பிளேடு சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினார்.

மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும். மூன்றாம் வளைவிலிருந்து எட்டாம் வளைவு வரை வீரசின்னுவின் ஜீப்புக்குள் ஒரு முழு ராத்திரி இருக்கிறது என்பது ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துபோனது. அதைக் கண்டு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, அதற்கு நேரமும் இல்லை. கிடைத்த ராத்திரியை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தார்கள். பாலில் ஒரு சொட்டு மோர் விட்டு ஏற்றினால் மேட்டில் கட்டித் தயிராக இறக்கலாம் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். ஆட்டின மாவு கால் மணி நேரத்தில் பொங்கியது. அடைக்கோழியைக் கூடையோடு தினமும் ஏற்றிவிட்டவர்களுக்குப் பதினாறு நாளில் குஞ்சு பொரித்தது. பெண்டாட்டி செத்ததிலிருந்து கண் மூடாமல் கிடந்த ஓய்வுபெற்ற தபால்காரர் குருநாதன், மேட்டில் எந்த வேலையும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு நாள் ஏறிப்போய் உறங்கி எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே இறங்கினார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். மாதா கோயில் பாதிரியாரும் அதையே சொன்னார். சாமி காரியமில்லை என்று தெளிவானதும் நேர்த்தி, விரதம் எதுவும் இல்லாமல், பஸ்ஸுக்கு நிற்பது போல ஜனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

காரணம் என்ன என்று கேட்டவர்களுக்குப் பெண்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: சின்னு கை. ஸ்டியரிங்கை அவள் திருப்புகிற பதம், கிளட்சை விடுகிற பதம், தொட்டில் ஆட்டுவது மாதிரி இருக்கிறது என்றார்கள். பவுன்தாய் எல்லார் முன்னிலும் அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, இந்தக் கைக்கு வளையல் போட்டால் பத்தாது, காப்புதான் போடணும் என்றாள். டீக்கடை டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் தன் சம்சாரத்தையே கூட்டிவந்து ஏற்றிவிட்டான். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று காறித் துப்பின ஊர், பொம்பளை கை என்பதால்தான் உறக்கம் வருகிறது என்று பேசியது. இரவு படுக்கும்போது வீரசின்னு தன் உள்ளங்கைகளை முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்துக்கொள்வாள். யாருக்கும் சொல்ல மாட்டாள்.

அவள் மட்டும் உறங்கவில்லை. வண்டிக்குள் கடந்த அத்தனை ராத்திரிகளையும் கண் விழித்தே கடந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை நகம் வெட்ட வேண்டியிருந்தது, நெற்றியோரம் நரை இறங்கியது. அதையெல்லாம் அவள் வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டியின் சத்தம்தான் அவளைத் தின்றது. மலையடிவாரத்தில் வாகை மரத்தடியில் பட்டறை போட்டிருந்த சவரியப்பனிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். சவரியப்பன் கையால் பார்க்கிற மெக்கானிக் இல்லை, காதால் பார்க்கிறவர். ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது போல ஒவ்வோர் இடமாக நகர்த்துவார். கண்ணைத் திறக்கும்போது நோய் இன்னதென்று தெரிந்திருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்தால் உறங்கிவிடுவோம் என்று, மூன்றாம் வளைவுக்கு மேலே ரோட்டோரம் நின்று, வண்டி தாண்டும்போது கேட்டுவிட்டு இறங்கினார். உள்ளே தீ நேரத்துக்கு முந்திப் பற்றிக்கொள்கிறது, பிஸ்டன் மேலே ஏறி வருகிறபோதே தீ அதன் உச்சந்தலையில் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கிறது, அந்த அடிதான் இந்தச் சத்தம் என்றார்.

"இப்படியே ஓட்டினா என்னண்ணே ஆகும்?"

"ஒருநா பிஸ்டன் ஓட்டையாயிரும். இந்த வண்டிக்கு இனி சாமான் கிடைக்காது தங்கச்சி. அப்பறம் எடைக்குத்தான் போடணும்."

எடைக்கு என்ற சொல்லை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள். அந்த ஜீப் இல்லாவிட்டால் அவள் மறுபடியும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் நிற்கிறவள்.

தீ பற்றும் நேரத்தைப் பின்தள்ளி வைத்தார் சவரியப்பன். மறுநாள் ஏற்றத்தில் இன்ஜின் வாயே திறக்கவில்லை, பட்டுத் துணியை இழுப்பது போல ஏறியது. வீரசின்னு சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு பேரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேட்டில் வாளியைத் திறந்தால் சோறு சோறாகவும், பால் பாலாகவும் இருந்தது. அமாவாசை நெருங்குகிறது, அதனால் இருக்கும் என்றாள் பவுன்தாய். தன் கைதான் கெட்டுவிட்டது என்று வீரசின்னு பயந்தாள். அடுத்த நாள் இன்னும் பதமாக, முட்டைக் கூடையை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது போல ஓட்டினாள். அன்றைக்கும் உறக்கம் வரவில்லை.

அதற்குள் மேலே இன்னொன்று நடந்திருந்தது. பெண்கள் நன்றாக உறங்கி வருவதைக் கங்காணி கவனித்து எஸ்டேட் ஆபீசில் சொல்ல, மலையில் யாரும் உறங்காத காலத்தில் வைத்த அளவு இனிச் செல்லாது என்று, ஆளுக்குத் தினம் இரண்டு கிலோ காய் கூடுதலாகப் பறிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். உறங்கின உடம்பு அந்த இரண்டு கிலோவையும் பறித்தது. உறங்காத இரண்டு நாளில் பதினோரு பேரும் அளவு காட்ட முடியாமல் பாதிக் கூலியோடு இறங்கினார்கள்.

மூன்றாம் நாள், மூன்றாம் வளைவில், கிணிங் கிணிங் என்றது. பதினோரு தலைகளும் சாய்ந்தன. மேட்டில் இறங்கிய பவுன்தாய் அவள் கையைப் பிடித்து, "வந்துருச்சு பாரு, கை வந்துருச்சு" என்றாள். கை வந்த சந்தோஷமும் சத்தம் வந்த பயமும் ஒரே நேரத்தில் வந்ததால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வீரசின்னுவுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பார்த்திருப்பாளா என்று சொல்ல முடியாது. நான்கு வருஷம் இளக்காரம் பேசின ஊர் தன் கையைப் புகழ்வதை யார்தான் சந்தேகப்படுவார்கள்.

அடுத்து சவரியப்பன் இன்ஜினின் தலையைக் கழற்றினார். உள்ளே கரி அப்பியிருந்தால் அது தணலாகக் கிடந்து தீயை முந்திப் பற்றவைக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாகை மரத்தடியில் உட்கார்ந்து, மூங்கில் சிம்பால் சுரண்டிச் சுரண்டிக் கரி எடுத்தார்கள். பவுன்தாய் தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினாள், மூக்கெல்லாம் கரியாகி, இந்தக் கோலத்தில் எங்க வீட்டுக்காரர் பார்த்தால் அடுப்பு என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார் என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள். சுரண்டிய பிஸ்டன் நான்கும் புதுக் காசு மாதிரி ஆயின. திங்களும் செவ்வாயும் சத்தம் இல்லை. புதன்கிழமை வந்துவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் உரக்க.

மூன்றாவதாகப் பெட்ரோல். பங்க்கில் கலப்படம் செய்கிறார்கள் என்று வீரசின்னுவே முடிவு செய்து, ஒரு காலை வேளையில், இதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாதவள், அத்தனை வண்டிகள் நிற்க மேனேஜரிடம் சண்டை போட்டாள். வயசான அந்த மனிதர் கோபப்படாமல் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து, குழாயிலிருந்து ஒரு சொட்டை அதன்மேல் விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு ஆவியாகிப் போனது, தாளில் கறையே இல்லை. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும் தாயே என்றார். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதே சோதனையைத் தன் டாங்கில் செய்து பார்க்கச் சொல்லிச் சவரியப்பனிடம் தாளை நீட்டினாள். அவர் திரும்பி நின்று ஒரு சொட்டு விட்டார், கொஞ்ச நேரம் பார்த்தார், தாளைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சுத்தமா இருக்கு தங்கச்சி. வண்டிக்கு வயசாயிருச்சு, வேற ஒண்ணுமில்ல. வயசுக்கு என்ன மருந்து இருக்கு?"

காதால் பார்க்கிற மனிதர் சொன்னதால் அவள் நம்பினாள். அவருடைய சம்சாரம், மூன்றாவது பிள்ளை பெற்று ஆறு மாதமாக ஒரு ராத்திரியும் முழுதாக உறங்காதவள், சனிக்கிழமைதோறும் கைப்பிள்ளையோடு ஜீப்பில் ஏறி மேட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்புகிறவள் என்பது வீரசின்னுவுக்குத் தெரியும். கூலியே வாங்காமல் அவள்தான் ஏற்றிக்கொண்டு போனாள்.

வழக்கமாகப் பெண்களை இறக்கிவிட்டு, உலர்த்தின காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வீரசின்னு பதினொரு மணிக்கு இறங்கிவிடுவாள், நான்கு மணிக்குத்தான் மறுபடி மேலே வருவாள். ஆடி மாதத்தில் ஒருநாள் மழையால் காய் உலரவில்லை, மூட்டை இல்லை. சைலன்சரைத் தாங்கும் கம்பி அறுந்து தொங்கியதைக் கட்டலாம் என்று, எஸ்டேட் கொட்டகைக்குப் பின்னால் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். கட்டி முடித்தும் எழுந்திருக்க மனமில்லாமல், இன்ஜினின் வயிற்றைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள்.

மத்தியானச் சங்கு ஊதியதும் கால்கள் வந்தன.

அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத் தண்ணீரும் சுண்ணாம்பும் பூசிய கால்கள். தினமும் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்த கால்கள் என்பதால் முகம் தேவைப்படவில்லை. ஆறாம் விரல் உள்ளது, மெட்டி தேய்ந்து கம்பியானது, குதிகால் வெடிப்பில் மெழுகு வைத்தது. ஒவ்வொரு ஜோடியாக வந்து, டாங்க் பக்கம் நின்று, மூடி திருகும் சத்தம் கேட்டு, குளுக்கென்று ஒரு சத்தம் கேட்டு, அடுத்த ஜோடிக்கு இடம் விட்டது. மண்ணெண்ணெய் வாசனை தரையோடு தரையாக இறங்கி வந்து அவள் மூக்கில் ஏறியது. இன்றைக்கு வண்டி இறங்கவில்லை, சாயங்காலம் அவள் டீக்குப் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றது ஒரு குரல். ஒரு குரல், பாவம்டி சின்னு, என்றது. இன்னொரு குரல், பாவம் பார்த்தால் இரண்டு கிலோவை யார் பறிப்பார்கள் என்றது. இருமல் மருந்துப் பாட்டில் ஒன்று கைதவறி விழுந்து உருண்டு, அவள் தோளருகே வந்து நின்றது. அதை எடுக்க யாரும் குனியவில்லை, இன்னொரு பாட்டில் இருந்தது.

கடைசி ஜோடிக் கால்களில் இடது கட்டை விரல் நகம் கறுத்திருந்தது. கரி சுரண்டின ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் தலையைத் தூக்கும்போது கால்மேல் விழுந்து கறுத்த நகம். அன்றைக்கு வீரசின்னுதான் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள்.

"ஆளுக்கு ஒரு மூடிக்கு மேல ஊத்தாதீக," என்றாள் பவுன்தாய், மேலே எங்கேயோ. "சவரியண்ணன் சொன்ன அளவு. கூடுனா வண்டி செத்துரும், குறைஞ்சா உறக்கம் வராது."

கால்கள் போன பிறகும் வீரசின்னு எழுந்திருக்கவில்லை. அவள் தோளில் அட்டை ஏறி, குடித்து, உப்பி, தானே விழுந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்டபின், பவுன்தாயை மட்டும் இருக்கச் சொன்னாள். இன்ஜின் சூடு ஆறி டிக் டிக்கென்று ஒடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மருந்துப் பாட்டிலை எடுத்து முன்சீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். பவுன்தாய் பாட்டிலைப் பார்த்தாள், இல்லை என்று சொல்லவில்லை.

"எத்தனை நாளா?"

"டைமிங் வச்ச மூணாம் நாள்லருந்து." பவுன்தாய் முந்தானையைச் சுருட்டினாள். "சத்தம் நின்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு புள்ள. எண்ணெய் ஒண்ணும் கடைக்காரன் எண்ணெய் இல்ல. எங்க வீட்டு ரேஷன் எண்ணெய். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அடுப்புப் பத்தவைக்காம மிச்சம் பிடிச்சது. ஆறிப்போனதைத்தான் தின்னுதுக."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டாக் குடுத்திருப்பியா?" பவுன்தாய் அவளை நேராகப் பார்த்தாள். "உனக்கு வண்டிதான் புருசன், வண்டிதான் பிள்ளை. அது தலையில சுத்தியல் அடிச்சாத்தான் எங்களுக்கு உறக்கம்னு சொன்னா, சரி அடிச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பியா? பதினாறு வருசமா நான் மூணு மணிக்கு எந்திரிக்கிறேன் சின்னு. ஒருநா விடிஞ்சு எந்திரிச்சதில்ல."

வீரசின்னு கேட்கக்கூடாது என்று அடக்கிவைத்திருந்ததைக் கேட்டாள்.

"அப்ப என் கை?"

பவுன்தாய் முதல் முறையாகத் தலையைக் குனிந்தாள். "கைன்னு சொன்னப்ப உன் முகம் அம்புட்டு மலர்ந்துச்சு. சொன்னா என்ன தப்புன்னு சொல்லிட்டோம்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று வீரசின்னு அந்த இருட்டு முழுக்கத் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பவுன்தாய் கேட்டிருந்தால் வீரசின்னு கொடுத்திருப்பாள். முதல் நாளே கொடுத்திருப்பாள். செத்தால் சேர்ந்து சாவோம் என்று வாளியை வைத்தவள் கேட்டு இல்லை என்று சொல்லியிருக்கவே மாட்டாள். இது பவுன்தாய்க்குத் தெரியவில்லை என்பதுதான், எண்ணெயையும் பொய்யையும்விட, அவளைக் குத்தியது.

விடிந்ததும் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினாள். சனிக்கிழமை. பதினோரு பெண்கள், பால் சட்டிகள், மாவுப் பானைகள், ஒரு கோழிக்கூடை, தபால்காரர் குருநாதன், கைப்பிள்ளையோடு சவரியப்பனின் சம்சாரம், அவளை ஏற்றிவிட வந்த சவரியப்பன். பவுன்தாய் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள் என்பது அவர்கள் நின்ற விதத்தில் தெரிந்தது. வீரசின்னு வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் ரேஷன் மண்ணெண்ணெய்க் கேனை எடுத்தாள். எல்லோரும் பார்க்க டாங்க் மூடியைத் திருகினாள்.

"இனிமே யாரும் ஒளிஞ்சு ஊத்த வேணாம்," என்றாள்.

கேனைக் கவிழ்த்துப் பிடித்தாள். குளுக் குளுக்கென்று அது போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார்கள். சின்னுவுக்குப் பெரிய மனசு என்று முணுமுணுப்பு ஓடியது. ஆறாம் விரல்காரி வந்து அவள் காலைத் தொடக் குனிந்தாள். சவரியப்பன் மட்டும் கேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓரடி முன்னால் வந்தார்.

"தங்கச்சி, அளவு..."

"அளவு உங்களுக்குத்தான தெரியும்ணே. எனக்கு ஓட்ட மட்டுந்தான் தெரியும்."

அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பவுன்தாய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் இன்றைக்கு உறங்கமாட்டேன், உன்னோடு பேசிக்கொண்டே வருகிறேன் என்றாள். முதல் வளைவில் தன் மூத்த பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசினாள். இரண்டாம் வளைவில், நீ என்னைத் திட்டியிருக்கலாம், திட்டாமல் இருக்கிறாயே என்றாள். மூன்றாம் வளைவு திரும்பியதும் கிணிங் என்று முதல் அடி விழுந்தது, அவள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நிற்க, தலை வீரசின்னுவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் உறங்கின அதே முகமாக இருந்தது.

அன்றைக்குச் சத்தம் கூழாங்கல்லாக இல்லை, கொல்லன் பட்டறையாக இருந்தது. நான்காம் வளைவில் ஸ்டியரிங் அதிர்ந்தது. ஐந்தாம் வளைவில் சூடு முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. வீரசின்னு காலைத் தளர்த்தவில்லை. பின்னால் பன்னிரண்டு பேரும் ஒரு குழந்தையும் ஒரே சீராக மூச்சுவிட்டார்கள், அந்த மூச்சையும் அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வண்டி ஏறியது. ஆறாம் வளைவில், ரோடு மிகவும் செங்குத்தாக நிற்கிற இடத்தில், பெரிய அடி ஒன்று விழுந்து, நீலப் புகை கிளம்பி, இன்ஜின் அப்படியே வாயை மூடிக்கொண்டது.

ஜீப் பின்னால் உருள ஆரம்பித்தது.

இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஒன்றுமில்லை. பழைய வண்டியின் பிரேக் அத்தனை பாரத்தைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினாள், கண்ணாடியைப் பார்க்காமல் முதுகால் ரோட்டைப் பார்த்தாள், ஸ்டியரிங்கை ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாகத் திருப்பினாள், தோளில் கிடந்த தலை நழுவாமல் தோளை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டாள். பின்சக்கரம் மலைப்பக்கத்து மண்திட்டைத் தொட்டது, ஏறியது, அமுங்கியது, நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பால் சட்டிகூடத் தளும்பவில்லை. கோழி கூடைக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பவுன்தாயின் வாயோரத்து எச்சில் கோடுகூட மாறவில்லை. ஒருவரும் விழிக்கவில்லை; பாதியில் நின்ற ராத்திரி உள்ளே தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது, அது முடிய இனி அதற்குரிய அத்தனை மணி நேரமும் ஆகும். இந்த மலையில் எந்த டிரைவரும் செய்திராத ஒன்றை அவள் இப்போது செய்திருந்தாள், அதைப் பார்க்க ஒரு ஜோடிக் கண்கூட விழித்திருக்கவில்லை.

பவுன்தாயின் தலையை மெல்லத் தூக்கி, தன் சேலைத் துண்டைச் சுருட்டிக் கம்பியில் அண்டக்கொடுத்து, அதில் சாய்த்தாள். இறங்கி, ரோட்டோரம் கிடந்த கற்களில் நல்ல கற்களாக நான்கு தேர்ந்து, நான்கு சக்கரங்களுக்கும் அண்டை கொடுத்தாள். ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்து உறுதி பார்த்தாள். பிறகு கீழே நடக்க ஆரம்பித்தாள்.

ஐந்தாம் வளைவில் எதிரே ஏறி வந்த லாரிக்காரர் அவளைப் பார்த்து நிறுத்தினார். மேலே ஏதோ புகைகிறதே, யார் வண்டி தாயி என்று கேட்டார்.

"உள்ள உறங்குறவுக வண்டிண்ணே," என்றாள் வீரசின்னு. "அந்த இடத்துல ஹாரன் அடிக்காமப் போங்க."